வேபிரிட்ஜ் அல்போன்ஸ் எரித்த கலோரிகள்

மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து அரூர் சாலையில் ஒரு கிலோமீட்டர் போனால் இடது பக்கம் ஒரு எடைமேடை இருக்கிறது. லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை போடுகிற அறுபது டன் மேடை. ஊரில் எல்லோருக்கும் அது வேபிரிட்ஜ். அதன் கண்ணாடி அறைக்குள் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அல்போன்ஸ். புளி, மரவள்ளிக்கிழங்கு, கரும்பு, மாங்காய் என்று அந்தப் பக்கத்தில் விளைந்தது எதுவாக இருந்தாலும் அவர் கையால் சீட்டு வாங்காமல் ஊரைத் தாண்டாது. டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பெரிய இடத்துப் பெயர்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பத்துக் கிலோ கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். “மெஷின் சொல்றதுதாங்க. நான் எதுவும் சொல்றதில்ல” என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்.

இருபத்தாறு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மனிதனுக்கு என்ன ஆகும்? அல்போன்ஸுக்கு முதலில் தொண்ணூற்று நான்கு கிலோ ஆனது. அப்புறம் சர்க்கரை வந்தது.

ஜனவரி மாதம் தர்மபுரியில் ஒரு கிளினிக்கில் டாக்டர் ஐஸ்வர்யா அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். அல்போன்ஸின் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. “மூணு மாசச் சர்க்கரைச் சராசரி ஒம்பது புள்ளி எட்டு இருக்குதுங்க ஐயா. மாத்திரை போடுங்க, சாப்பாட்டைக் கொறைங்க, தினமும் நடங்க. ஒரு முந்நூறு கலோரியாவது எரியட்டும். ஏப்ரல்ல வாங்க. எட்டுக்குக் கீழ எறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்” என்றார்.

அல்போன்ஸின் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. அவருடைய அண்ணன் ஆரோக்கியசாமிக்கு இன்சுலின் ஊசி ஆரம்பித்து, சரியாக ஐந்தாவது மாதம் அடக்கம் நடந்தது. எடை போடுகிறவருக்கு முன் எடை, பின் எடை தெரியும். ஊசிக்கு முன்னால் அண்ணன் இருந்தார், ஊசிக்குப் பின்னால் இல்லை. ஊசிதான் கொன்றது என்று அல்போன்ஸ் மனதுக்குள் சீட்டுப் போட்டு வைத்திருந்தார். அந்த ஊசி தன் உடம்பில் ஏறக்கூடாது. அதற்காக முந்நூறு என்ன, மூவாயிரம் கலோரி எரிக்கவும் அவர் தயார்.

“அந்த முந்நூறை எதுலீங்க மேடம் எடை போட்டுப் பாக்கறது?” என்று கேட்டார்.

“அதெல்லாம் வேணாங்க. குத்துமதிப்பா முக்கா மணி நேரம் வேகமா நடந்தாப் போதும்.”

குத்துமதிப்பு! இருபத்தாறு வருடத்தில் இந்த வார்த்தையைச் சொன்ன எத்தனை டிரைவர்களை அவர் முறைத்து அனுப்பியிருப்பார். டாக்டரை முறைக்க முடியாது. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஓசூரில் கம்பெனி வேலையிலிருக்கும் மகள் பிளசி விஷயத்தைக் கேள்விப்பட்டு ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினாள். கையில் கட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம், எத்தனை கலோரி எரித்தோம் என்று காட்டும். போனிலும் அதே வேலையைச் செய்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் காலை அல்போன்ஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக இரண்டு நடை போய் வந்தார். வாட்ச் நானூற்றுப் பன்னிரண்டு என்றது. போன் இருநூற்று அறுபத்தெட்டு என்றது.

நடந்தவர் ஒருவர், நடந்த பாதை ஒன்று. அல்போன்ஸுக்குக் காலை இட்லி இறங்கவில்லை. மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும் என்று அரூரில் பூவரசன் நடத்தும் ஜிம்முக்குப் போய், ஓடுகிற மெஷினில் முக்கால் மணி நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அது ஐந்நூற்று முப்பது என்றது.

“அண்ணா, கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு நடந்தா பாதி பாரத்தை அது தாங்கிக்குது. ஆனா முழுசா நீங்களே நடந்ததா எழுதிடும்” என்றான் பூவரசன்.

“அப்ப இது திருட்டுத் தராசுப்பா” என்று சொல்லிவிட்டு அல்போன்ஸ் இறங்கினார். மூன்று தராசு மூன்று எடை காட்டினால் இரண்டு திருட்டுத் தராசு, ஒன்று மட்டும் நல்ல தராசு என்பது அவர் தீர்ப்பு. மூன்றுமே திருட்டாக இருக்கலாம் என்பது அவருக்குக் கனவிலும் தோன்றவில்லை.

அவர் மனைவி ராஜமேரி அங்கன்வாடி டீச்சர். எந்தச் சாப்பாட்டில் எத்தனை கலோரி என்று அட்டையே வைத்திருப்பவர். இட்லி ஒன்று ஐம்பது, ராகிக் களி உருண்டை ஒன்று இருநூற்று இருபது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் ஒரு சட்டம் போட்டார். “காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கப் சோறு. சாயங்காலத்துக்கு நீங்க எவ்வளவு எரிச்சீங்களோ அவ்வளவுதான் தட்டுல வரும். ஒரு பருக்கை கூடுதலா வராது.”

“கொறையவும் கூடாது” என்றார் அல்போன்ஸ். இருவரும் வாட்ச் சொல்வதை வைத்துக்கொள்வது என்று முடிவானது. மகள் காசு கொடுத்து வாங்கியது, போன் ஆப் சும்மா வந்தது என்பது ராஜமேரி சொன்ன காரணம். அல்போன்ஸ் சொல்லாத காரணம், வாட்ச் ஆப்பைவிட நூற்று நாற்பத்து நான்கு கூடுதலாகச் சொன்னது.

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. சித்தேரியிலிருந்து வருடா வருடம் புளி மூட்டை இறக்குகிற மாதேஸ், மகள் ஜெயபிரியாவின் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். அல்போன்ஸ் மலை பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனார். வளைவுக்கு வளைவு பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. இறங்கியதும் வாட்சைப் பார்த்தால் ஆறாயிரத்து இருநூறு அடி, முந்நூற்று எண்பத்தெட்டு கலோரி.

மாதேஸ் எட்டிப் பார்த்தார். “ஏண்ணா, நீங்க உக்காந்துதான வந்தீங்க?”

“மெஷின் சொல்லுது மாதேஸு. நான் சொல்லல.”

அன்று சாயங்காலம் மணிக்கட்டை நீட்டினார். ராஜமேரி எண்ணைப் படித்து, களி உருண்டையும் கீரைக் குழம்பும் மேலே ஒரு முட்டையும் வைத்தார். அல்போன்ஸுக்குக் கொஞ்சம் கூசத்தான் செய்தது. ஆனால் களி சூடாக இருந்தது. அந்த மாதம் மட்டும் மாதேஸின் புளியமரங்களைப் பார்க்க என்று அவர் இன்னும் மூன்று தடவை சித்தேரிக்குப் போனார். புளியமரத்தில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது என்று மாதேஸுக்கு விளங்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் கை தட்டிப் பாடினாலும் வாட்ச் எழுதிக்கொள்கிறது என்று தெரிந்ததும் அல்போன்ஸுக்குத் திடீரென்று பக்தி முற்றியது. முன்வரிசையில் நின்று அவர் தட்டிய தட்டில் ஆர்மோனியம் வாசிப்பவருக்குத் தாளம் தப்பியது.

அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. மனசாட்சி உறுத்திக்கொண்டேதான் இருந்தது. எரிந்தது உண்மையில் எவ்வளவு என்று கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று இருந்தார். கண்டுபிடிக்க அவரிடம் என்ன இருக்கிறது? அறுபது டன் மேடை இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். அந்த மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. ஒரு ஆள் ஏறி இறங்கி, நடந்து வந்து மறுபடி ஏறினால் அது அசையாது. ஆனால் நாற்பது பேர் சேர்ந்து ஏறினால்? ஆளுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் நாற்பது கிலோ. அதை நாற்பதால் வகுத்தால் ஒரு ஆளின் கணக்கு வந்துவிடும். கலோரிக்கும் கிலோவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசிக்கவில்லை. எரிந்தால் குறைய வேண்டும், குறைந்தால் மேடையில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை சர்ச்சைச் சேர்ந்த பங்கு மக்கள் பதினொரு கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்திலிருக்கும் மாதா கெபி என்ற குகைக்கோயிலுக்குச் சிலுவை தூக்கிக்கொண்டு நடந்து போய்த் திரும்புவது வழக்கம். பங்குச் சாமியார் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். அல்போன்ஸ் கேட்டதும், “செய்ங்க, சயின்ஸும் ஆண்டவர் குடுத்ததுதானே” என்று சொல்லிவிட்டார்.

காலை ஐந்தரைக்கு நாற்பத்திரண்டு பேர் வேபிரிட்ஜில் ஏறி நின்றார்கள். சிலுவையைக் கீழே வைப்பதா மேலே வைப்பதா என்று கால் மணி நேரம் வாக்குவாதம். போகும்போது ஏற்றினால் வரும்போதும் ஏற்ற வேண்டும் என்ற உறுதிமொழியின் பேரில் சிலுவையும் ஏறியது. “யாரும் அசையாதீங்க, மெஷின் ஆடுது!” என்று அல்போன்ஸ் மைக்கில் கத்தினார். பின்னால் கரும்பு டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி எண் என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் ‘பாதயாத்திரை’ என்று அடித்தார். சரக்கு என்ற கட்டத்தில் ‘பங்கு மக்கள்’. சீட்டு வந்தது. இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ. சாமியார் மேடைமேலேயே ஆசீர்வாதம் செய்தார். டிராக்டர்காரரும் தலையைக் குனிந்துகொண்டார்.

எட்டு கிலோமீட்டர் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒன்பதாவது கிலோமீட்டரில் பச்சியப்பன் பந்தல் போட்டுக் காத்திருந்தார். அவர் மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன். ஆனாலும் கெபிக்குப் போகிறவர்களுக்கு வருடம் தவறாமல் மோரும் எலுமிச்சம் சோறும் தர்பூசணியும் வைப்பது அவர் வீட்டு வழக்கம். அல்போன்ஸ் முன்னால் ஓடிப் போய்க் குறுக்கே கையை விரித்தார். “யாரும் சாப்புடாதீங்க! சீட்டுப் போட்டாச்சு!”

பச்சியப்பன் முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங்க, எங்க வூட்டுச் சோறு உங்களுக்கு ஆவாதுங்களா?”

அந்தப் பக்கத்தில் பந்தலில் வைத்த சோற்றை வேண்டாம் என்பது முகத்தில் அடிப்பதற்குச் சமம். சாமியார்தான் முதலில் இலையை எடுத்தார். எல்லோரும் போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை சாப்பிட்டார்கள். அல்போன்ஸ் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நின்றார், அப்புறம் தர்பூசணியைப் பார்த்தார், அப்புறம் சாப்பிட்டார். இரண்டு இலை.

சாயங்காலம் நான்கு மணிக்கு அதே நாற்பத்திரண்டு பேர், அதே சிலுவை, அதே மேடை. சீட்டு வெளியே வந்தது. இரண்டாயிரத்து அறுநூற்று எழுபது கிலோ. இருபத்திரண்டு கிலோமீட்டர் நடந்து பங்கு மக்கள் முப்பது கிலோ ஏறியிருந்தார்கள்.

“இதுக்குத்தான் நான் நடக்கறதே இல்ல” என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் ஊரைச் சுற்றி வந்தது. நடந்தால் உடம்பு ஏறும் என்று வேபிரிட்ஜிலேயே நிரூபணம் ஆகிவிட்டது, சீட்டு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை சாமியார் மறுபடி ஒரு தடவை கெபிக்குக் கூப்பிட்டபோது பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். அதில் ஏழு பேர் பைக்கில் வந்தார்கள்.

மேடை கைவிட்டதும் அல்போன்ஸுக்கு வாட்சை விட்டால் வேறு கதி இல்லாமல் போனது. பாதயாத்திரை அன்றைக்கு அது ஆயிரத்து முந்நூற்று நாற்பது என்று காட்டியது. தவக்காலத்தில் அவர்கள் வீட்டில் நாற்பது நாளும் கறி கிடையாது. எரித்தது அத்தனையையும் களியாகவும் இட்லியாகவும் வாங்கித் தின்ன முடியவில்லை. அப்போது அல்போன்ஸுக்கு அந்த யோசனை வந்தது.

“ராஜி, மீந்து போற கலோரியை அப்படியே சேத்து வெச்சுக்கலாம். ஈஸ்டருக்கு எடுத்துக்கறேன்.”

புண்ணியத்தைச் சேர்த்து வைக்கலாம் என்றால் கலோரியை ஏன் வைக்கக் கூடாது? ராஜமேரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அங்கன்வாடி நாள்காட்டியில் தினமும் மிச்சத்தைக் குறித்து வைத்தார். ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, கூட்டிப் பார்த்தால் ஒன்பதாயிரத்து நானூறு சேர்ந்திருந்தது. ஈஸ்டர் அன்று மட்டன் பிரியாணி, மறுநாள் பன்றிக்கறி, அதற்கு மறுநாள் மிச்சமிருந்த பிரியாணி, அப்புறம் பிளசி வாங்கி வந்த கேக் என்று எட்டு நாள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. அல்போன்ஸ் ஒவ்வொரு கவளத்தையும் நிம்மதியாகச் சாப்பிட்டார். உழைத்துச் சம்பாதித்ததைச் சாப்பிடுகிறவனுக்கு என்ன பயம்?

அதற்கு அடுத்த வாரம் அல்போன்ஸ் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். டாக்டர் ஐஸ்வர்யா தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “பத்து புள்ளி ஒண்ணு. ஏறியிருக்குதுங்க ஐயா.”

அல்போன்ஸ் வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “மூணு மாசத்துல முப்பத்தோராயிரம் கலோரி எரிச்சிருக்கறேங்க மேடம். இதுல இருக்குது, பாருங்க.”

டாக்டர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். ராஜமேரி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், எரித்த அளவுக்குச் சோறு, சேர்த்து வைத்த கலோரி, ஈஸ்டர் எல்லாமும். பஸ்ஸை மட்டும் அல்போன்ஸே சொன்னார், தலையைத் தூக்காமல்.

“ஐயா, இந்த வாட்ச் எதையும் எடை போடறதில்லீங்க. உங்க எடை, கை ஆடறது, நெஞ்சு துடிக்கறது இதையெல்லாம் வெச்சு ஊகிக்குது. மூணுல ஒரு பங்கு வரைக்கும் தப்பா இருக்கும், சில நேரம் அதுக்கு மேலயும். போனும் அப்பிடித்தான். ஜிம்மு மெஷினும் அப்பிடித்தான். நேத்தைவிட இன்னைக்கு நல்லா நடந்தோமான்னு பாக்கலாம். அந்த நம்பரைக் காட்டிச் சோறு வாங்கக் கூடாது.”

“அப்ப எதுதாங்க சரியா காட்டும்?”

“மூஞ்சில மாஸ்க் மாட்டி, நீங்க வுடற மூச்சை அளக்கணும். அதெல்லாம் ஆராய்ச்சி பண்ற எடத்துல இருக்கும். உங்களுக்கு அது தேவையே இல்ல.” டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். “உங்களுக்குச் சீட்டு இதுதான். ஊசி ஆரம்பிச்சிடலாம்.”

அல்போன்ஸ் அந்தத் தாளைத் தொடவில்லை. “எங்க அண்ணன் ஊசி போட்ட அஞ்சாவது மாசம் போய்ட்டாருங்க” என்றார்.

“ஊசிக்கு முன்னாடி அவருக்கு எத்தனை வருஷமா சுகர்?”

“பன்னெண்டு வருஷங்க.”

“கன்ட்ரோல்ல இருந்துதா?”

“இல்லீங்க.”

“பன்னெண்டு வருஷத்தை வுட்டுட்டு அஞ்சு மாசத்தை மட்டும் எடை போட்டுட்டீங்களே ஐயா” என்றார் டாக்டர். “கடைசியில கிட்னி போச்சா?” அல்போன்ஸ் ஆமென்று தலையசைத்தார். “முன்னாடியே ஊசி போடச் சொல்லி யாரும் சொல்லலீங்களா?”

அல்போன்ஸ் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பஸ்ஸில் ஊர் திரும்புகிற வழியெல்லாம் ராஜமேரி அவர் பக்கமே திரும்பவில்லை. நாள்காட்டியில் மிச்சக் கலோரியைக் குறித்து வைத்தது ராஜமேரியின் கைதான். அந்தக் கையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே வந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சமையலறை ஜன்னல் பக்கம் நின்று அல்போன்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினார். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து யூனிட் என்று டாக்டர் எழுதியிருந்தார். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தது. சுண்டிச் சுண்டி அதை மேலே ஏற்றி வெளியே தள்ளினார். மறுபடி இழுத்தார். கோட்டுக்கு ஒரு நூல் மேலே போனது, திருப்பித் தள்ளினார். வெளிச்சத்துக்கு நேராகக் கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று மாதம் நானூறு, இருநூறு, ஐந்நூறு என்று அலைந்த மனிதருக்கு முதல் தடவையாக ஒரு எண் ஆடாமல் நின்றது. பத்து என்றால் பத்து.

“ராஜி, வந்து பாரு. சரியா இருக்குதா?”

ராஜமேரி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “பத்துதாங்க.”

அல்போன்ஸ் சட்டையைத் தூக்கி வயிற்றுச் சதையைப் பிடித்துக்கொண்டார். ஊசியை உடனே குத்தவில்லை. “அண்ணன் கடைசியில ஊசி போட்டாரே, அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே போடச் சொன்னாங்க” என்றார். “வேணாம்னு சொன்னது நான்தான் ராஜி. ஊசின்னா பயமாயிருக்குது, மாத்திரையே போதும்ணான்னு சொன்னேன். அவுரு கேட்டுக்கிட்டாரு.”

“தெரியுங்க” என்றார் ராஜமேரி. “உங்க அண்ணி சொல்லியிருக்குது. நீங்க போடுங்க.”

அவர் போட்டார். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை. இவ்வளவுதானா என்று கேட்டார், யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. ஊசியைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு, அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்க, அல்போன்ஸ் அண்ணனை நினைத்து நின்றபடியே அழுதார்.